ஈனாத ஆட்டின் படம்

ஊசிமேட்டுப்பட்டியில் மாசி மூன்றாம் தேதி புதன்கிழமை தொடங்கி வைகாசி இருபத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை வரைக்கும், நூற்றுப் பதினேழு நாள், ஆடு ஈனவில்லை, மாடு கன்று போடவில்லை, அடைக்கு வைத்த முட்டை ஒன்றுகூடப் பொரியவில்லை. சினை கலையவும் இல்லை, வயிற்றில் இருந்தது சாகவும் இல்லை. எல்லாம் உள்ளேயே இருந்தன, நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தும் வர மனமில்லாமல் இருந்தன.

குருவம்மாவுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் ஆடுகள் ஈனாமல் நின்றதால் வந்தது அல்ல, அதற்கு முன்பே, அதே புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, மெயின் ரோட்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வந்தது.

அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்றால் பிள்ளைக்கும் பரீட்சை உண்டு, பெற்றவர்களுக்கும் பரீட்சை உண்டு. குருவம்மா கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கணவன் மலைக்கண்ணுவுக்குத் தேய்த்த சட்டை போட்டுவிட்டு, ஐந்து வயது மகள் கோபிகாவை நடுவில் விட்டுக் கூட்டிப் போனாள். அறுபத்து மூன்று செம்மறி ஆடுகளை அன்று ஒரு நாள் கொழுந்தன் பொறுப்பில் விட்டிருந்தாள். கோபிகா தன் பெயரை இங்கிலீஷில் சொல்வாள், அப்பா பெயரைச் சொல்வாள், ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் எண்ணுவாள், நான்கு கலர் சொல்வாள். ஒரு மாதமாகத் தெருவில் படித்த பிள்ளை ஒவ்வொன்றின் காலையும் பிடித்துச் சேர்த்த சேமிப்பு அது. அதில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை.

பள்ளித் தாளாளர் கற்பகலட்சுமி அம்மாள் மேஜை மேல் ஒரு அட்டையை நிறுத்தினார். மூன்று வரிசைப் படங்கள். முதல் வரிசையில் மிருகம், இரண்டாவதில் அதன் குட்டி, மூன்றாவதில் அதன் கூட்டம். ஆட்டுப் படத்தின் மேல் விரலை வைத்து அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த டீச்சர் தமிழில் சொன்னாள்: "இந்த ஆட்டோட குட்டி எது? பேர் என்ன? சொல்லு பார்ப்போம்."

கோபிகா அட்டையின் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இது இன்னும் ஈனல டீச்சர்."

"அப்ப பக்கத்துல இருக்கிறது?"

"அது வேற ஆட்டுக் குட்டி. காதைப் பாருங்க."

அறையில் மூன்று பேர் சிரித்தார்கள். தாளாளர், டீச்சர், கணினி முன்னால் இருந்த கிளார்க். கோபிகாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், நல்ல பதில் சொன்னதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் தாளாளர், குருவம்மாவைப் பார்த்து.

குருவம்மா அதுவரைக்கும் மகளின் பின்னால் ஒதுங்கி நின்றவள். ஆட்டைப் பற்றிய கேள்வி என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. ஆள் பார்த்துத்தான் கேட்கிறார்கள், நமக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறார்கள், நல்ல மனுஷர்கள் என்று நினைத்துவிட்டாள். ஆடு மேய்க்கிறவள் செய்யக்கூடிய தப்பு அது. வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். படத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளை சொன்னது சரிதாங்க. மடி இறங்கவே இல்ல பாருங்க. வயிறும் ஒட்டியிருக்கு. ரெண்டு பல்லு போட்டிருந்தா அதிகம், இன்னும் கிடாய் சேர்ந்திருக்காது. இந்தக் குட்டி, அது ஒரு நாலு ஈத்து ஈன்ன ஆட்டோடது. யாரோ மாத்தி ஒட்டிட்டாங்க."

இந்தமுறை சிரிப்பு வெளியே வராண்டா வரைக்கும் கேட்டது. தாளாளர் சிவப்பு மையில் ஒரு சைபர் போட்டு, அதன் கீழே ஒரு கோடும் போட்டார். வீட்டில் இங்கிலீஷ் சூழ்நிலை இல்லை, பெற்றோருக்குக் கேள்வியே புரியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டீச்சர் எடுத்துச் சொன்னாள். மலைக்கண்ணு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். குருவம்மா கும்பிடவில்லை.

அன்று சாயங்காலம் கருங்கண்ணி என்ற ஆடு ஈன வேண்டும். மடி பால் கட்டி, பின்பக்கம் இறங்கி, காலால் மண்ணைச் சுரண்டி இடம் பார்த்துப் படுத்துவிட்டது. குருவம்மா பட்டுச் சேலையை மாற்றாமலே பக்கத்தில் உட்கார்ந்தாள். கருங்கண்ணி கொஞ்ச நேரம் முக்கியது. பிறகு ஏதோ யோசித்த மாதிரி எழுந்து, உடம்பை உதறிவிட்டு, கருவேலங்காய் தின்னப் போய்விட்டது.

மறுநாள் சாம்பி. அதற்கு மறுநாள் மொட்டைக்காது. பத்தொன்பது சினை ஆடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நாள் வந்து, படுத்து, எழுந்து, மேயப் போயின. பக்கத்து வீட்டு ராமலச்சுமியின் பசுவும் அப்படித்தான் செய்தது. ஊரில் சினையாக இருந்த பதினோரு மாடுகளும், இருபத்தாறு வெள்ளாடுகளும், மூன்று நாய்களும் அப்படித்தான் செய்தன. இருபத்தோரு நாளில் பொரிய வேண்டிய ஏழு அடைக் கோழிகளின் முட்டைகள் நாற்பத்திரண்டாம் நாளும் முட்டையாகவே இருந்தன. காதில் வைத்துக் கேட்டால் உள்ளே குஞ்சு கத்தியது.

ஆட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பால் குட்டிகளைப் பகலில் மேய்ச்சலுக்கு ஓட்ட மாட்டார்கள், மூங்கில் கூட்டைக் கவிழ்த்து அதனடியில் வைத்திருப்பார்கள். பொழுது சாயும்போது ஆடுகள் திரும்பி வரும். கூட்டைத் தூக்கி, ஒவ்வொரு குட்டியாகக் கையில் எடுத்து, அதன் தாயிடம் கொண்டு போய் விட வேண்டும். மாற்றி விட்டால் ஆடு முட்டித் தள்ளும், குட்டி பட்டினி கிடக்கும். எந்தக் குட்டி எந்த ஆட்டினுடையது என்பதில் கோபிகா மூன்று வயதிலிருந்தே தவறியதில்லை. இப்போது கூடு காலியாகக் கிடந்தது. ஆனால் பொழுது சாயும் அந்த நேரம் வந்ததும் பத்தொன்பது வயிற்றுக்குள்ளிருந்தும் குட்டிகள் பாலுக்குக் கத்தின, ஆடுகள் கழுத்தைத் திருப்பித் தங்கள் வயிற்றையே பார்த்துப் பதில் கத்தின.

கால்நடை டாக்டர் தங்கப்பழம் பைக்கில் வந்தார். கருங்கண்ணியின் வயிற்றில் குழலை வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

"என்ன சார் சொல்லுது?" என்றான் மலைக்கண்ணு.

"ம்மே ம்மேன்னு சொல்லுது. வேற என்ன சொல்லும்? ஆட்டுக்கு அஞ்சு மாசம். எங்க புஸ்தகத்துல அதுக்கு மேல பக்கம் கிடையாதுப்பா." அவர் நோட்டில், தாய் நலம், சேய் நலம், வெளியில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்கும் பழகுகிற ஊர்தான் அது. மாடுகளின் வயிறு பெருத்துக்கொண்டே போனதால் தொழுவத்து வாசல்களை இரண்டு சாண் இடித்து அகலமாக்கினார்கள். திரும்ப முடியாத மாட்டுக்குத் தண்ணீரைத் தலைப்பக்கம் கொண்டு போய் வைத்தார்கள். பால் இல்லாததால் டீக்கடையில் கட்டன் சாயா போட்டார்கள், பத்து நாளில் அதுதான் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று பேசிக்கொண்டார்கள். அழுகிற கைக்குழந்தைகளைத் தூக்கி வந்து ஆட்டின் வயிற்றில் காதை வைத்துப் பிடித்தார்கள், குழந்தைகள் சமாதானம் ஆயின. ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த இரண்டு பெண்களை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று ஆற்றுக்கு அக்கரையில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரண்டு பெண்களால்தான் விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அக்கரையில் போய் அவர்கள் ஏன் வந்தோம் என்று சொல்லாமலா இருப்பார்கள்? ஆட்டுக்காரியின் பதிலுக்கு சைபர் போட்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் எதுவும் பிறப்பதில்லை என்று ஊர் ஊராகப் பேச்சு பரவி, அந்த வருஷம் பள்ளியில் சேர வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். போதாததற்குத் தாளாளர் வீட்டு உயர்சாதி நாயும் நாள் கடந்து, சோபாவின் அடியில் நுழைய முடியாமல், வராண்டாவில் கிடந்து முனகியது.

பஞ்சாயத்துத் தலைவர் சீனிராஜ்தான் அந்த யோசனையைக் கண்டுபிடித்தார். "காலம் மாறிப்போச்சு. நாம குட்டி குட்டின்னு கூப்பிட்டா அது எப்படி வரும்? முறையா இங்கிலீஷ்ல பேர் சொல்லிக் கூப்பிடணும்."

பள்ளி வேன் வந்தது. முதல் மார்க் வாங்குகிற பன்னிரண்டு பிள்ளைகளும், அட்டையும், மைக்கும் இறங்கின. குருவம்மாவின் பட்டியைச் சுற்றி நின்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கூப்பிட்டார்கள். ஆட்டின் குட்டிக்கு லேம், மாட்டின் கன்றுக்குக் காஃப், நாய்க்குப் பப்பி, கோழிக்குச் சிக், குதிரைக்கு ஃபோல். குதிரை ஊரில் இல்லை, இருந்தாலும் வரிசை கெடக் கூடாது என்று அதையும் கூப்பிட்டார்கள். பிறகு கூட்டத்தின் பேர்களைச் சொன்னார்கள். ஆடென்றால் ஃபிளாக், மாடென்றால் ஹெர்ட், தேனீ என்றால் ஸ்வார்ம், காக்கை என்றால் மர்டர்.

"அப்படின்னா கொலையில்லா?" என்றார் டீக்கடையில் இருந்து வந்த ஒருத்தர். "காக்காய் கூடி நின்னா வெள்ளைக்காரனுக்குக் கொலையா? நாம கூடி நின்னா என்ன சொல்வானோ?"

பிள்ளைகள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, அழகாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் முடித்தபோது பத்தொன்பது வயிற்றுக்குள்ளும் சத்தம் நின்றுபோயிருந்தது. அன்று சாயங்காலம் ஒரு குட்டியும் கத்தவில்லை. மறுநாளும் இல்லை. ஆடுகள் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. மூன்றாம் நாள் மெல்ல ஒன்று கத்திய பிறகுதான் குருவம்மா சாப்பிட்டாள்.

ஊர் அதோடு விடவில்லை. பிள்ளைகள் சொன்னது போதவில்லை, எல்லாரும் சொல்ல வேண்டும் என்றார்கள். அட்டையைப் பார்த்துத் தமிழில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். நரைத்த மீசைக்காரர்கள் வாய்க்குள் லேம், காஃப் என்று முணுமுணுத்துக்கொண்டு மண்வெட்டியோடு போனார்கள். அதனாலும் ஒன்றும் நடக்காமல் போனபோது, ஊருக்குக் குறை சொல்ல மிச்சம் இருந்தவள் குருவம்மா ஒருத்திதான்.

ராமலச்சுமி வாசலில் வந்து நின்று கத்தினாள். "உன் வாய்க்கொழுப்புக்கு என் மாடு ஏண்டி சுமக்கணும்? பெரிய படிப்பாளி, படத்துல இருக்கிற ஆட்டுக்குப் பல்லு பிடிச்சுப் பார்த்தாளாம்!"

"ஆமா மதினி, பார்த்தேன். கேட்டாங்க, பார்த்துச் சொன்னேன். என் பிள்ளையைச் சுத்தி நின்னு சிரிச்சாங்கன்னு கேட்டப்போ இந்த வாயை எங்க வச்சிருந்தீங்க?"

"ஒரு வார்த்தை தப்புன்னு சொன்னா உன் தலையில இருக்கிற கிரீடம் இறங்கிருமோ?"

"சும்மாடு வச்சுச் சும்மாடு வச்சு என் தலையே தேஞ்சு போச்சு, இதுல கிரீடம் எங்க நிக்கும்? போங்க, மாட்டுக்குத் தண்ணி வையுங்க. அதுமேல கோவிச்சுக்காதீங்க."

அடுத்த நாள் சீனிராஜ் வந்தார், தாளாளரின் செய்தியோடு. பள்ளி திறக்கிற அன்று, காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மைக்கில், நாங்கள் சொன்னது தப்பு என்று குருவம்மா சொல்லிவிட வேண்டும். சொன்னால் கோபிகாவுக்கு அன்றைக்கே இடம் உண்டு. சொல்லாவிட்டால் இந்த வருஷம் மட்டும் அல்ல, எந்த வருஷமும் இல்லை.

சீனிராஜ் போன பிறகு மலைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "பிள்ளைக்காகத்தான. நாம படாத அவமானமா?"

"நாம பட்டோம்," என்றாள் குருவம்மா. "அதுக்குத்தான அவளைப் படிக்க வைக்கணும்னு சொன்னோம். அந்தப் படிப்பை அவளையும் பட வச்சுத்தான் வாங்கணுமா?"

ஆனாலும் அவளுக்கு அந்த இடம் வேண்டும். வேறு இங்கிலீஷ் பள்ளி பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, இங்கிலீஷ் தெரியாத ஒரே காரணத்துக்காக அவள் ஆஸ்பத்திரியிலும் பாங்கியிலும் தாலுகா ஆபீசிலும் நின்ற நாட்கள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. ஆடுகளையும் பார்த்தாள். கருங்கண்ணிக்கு முன்னங்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. வயிறு தரையில் உரசி மயிர் உதிர்ந்துபோயிருந்தது. இனி அதிகம் போனால் பத்து நாள். சொல்லிவிடுகிறேன் என்றாள். மேய்க்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "தப்பாச் சொல்லிட்டோம், மன்னிக்கணும்." ஒவ்வொரு தடவை சொன்னபோதும் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தன.

திங்கட்கிழமை காலை அவளும் கோபிகாவும் மலைக்கண்ணுவும் புறப்பட்டார்கள். யாரும் ஓட்டாமலே பத்தொன்பது ஆடுகளும் பின்னால் நடந்தன. அவற்றின் பின்னால் ஊரின் பாதி நடந்தது. மூன்று கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் நடந்தார்கள், ஏனென்றால் ஆடுகள் அவ்வளவு மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. பள்ளி வாட்ச்மேன் கேட்டைச் சாத்தப் பார்த்தார். கருங்கண்ணி வயிற்றைக் கேட்டின் இடையில் வைத்து நின்றது, அதன் பிறகு சாத்த முடியவில்லை.

அவர்கள் வருவதற்காகவே கூட்டத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். நானூறு பிள்ளைகள் புதுச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். மேடையில் அந்த அட்டையைப் பெரிதாக அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், ஆடு ஆள் உயரத்துக்கு இருந்தது. தாளாளர் மைக்கைக் கொடுத்தார். குருவம்மா சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இந்த ஆடு ஈனல," என்றாள்.

மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டு போனது.

"அன்னிக்கும் ஈனல, இன்னிக்கும் ஈனல. இது ஈனலங்கிறது பார்த்தாலே தெரியுது. நீங்க வச்சிருக்கிற பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உங்க வாசலுக்கு நான் ஏன் வரேன்? தெரியாததைச் சொல்லிக் குடுக்கத்தான பள்ளிக்கூடம் வச்சிருக்கீங்க? தெரியாதுன்னு நூறு தரம் சொல்றேன், எனக்கு அதுல வெட்கம் இல்ல. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன். என் பிள்ளையையும் சொல்ல விட மாட்டேன்."

சீனிராஜ் தலையில் கை வைத்தார். தாளாளர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். அந்தக் கை நீட்டியபடியே நின்றது, ஏனென்றால் முதல் வரிசைக்கு முன்னால் கருங்கண்ணி காலால் தரையைச் சுரண்டி இடம் பார்த்துப் படுத்து, ஒரே முக்கில் ஈன்றது.

பிறகு சாம்பி, பிறகு மொட்டைக்காது, பிறகு எது முன்னால் எது பின்னால் என்று சொல்ல முடியாதபடி பத்தொன்பதும் ஈன்றன, மேடைப் படியில், கொடிக்கம்பத்தின் அடியில், யூகேஜி வாசலில். நாள் கடந்தும் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்த குட்டிகள் பல் முளைத்து, மயிர் அடர்ந்து, விழுந்த கையோடு எழுந்து ஓடின. அதே நேரத்தில் ஊரில் மாடுகள் கன்று போட்டன, முட்டைகள் உடைந்தன, தாளாளர் வீட்டு நாய் வராண்டாவில் எட்டு குட்டி போட்டது என்று பிறகு தெரிந்தது.

குட்டிகள் பிள்ளைகளின் வரிசைக்குள் புகுந்தன. நானூறு பிள்ளைகளும் வரிசையை விட்டார்கள். முந்தியவர்கள் குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். டீச்சர்கள் அவற்றைப் பிடுங்கி, கைக்குக் கிடைத்த ஆட்டிடம் கொண்டு போய் விட்டார்கள். ஆடுகள் மோந்து பார்த்து முட்டித் தள்ளின. டீச்சர்கள் வேறு ஆட்டிடம் விட்டார்கள், அதுவும் முட்டியது. தாய் நக்கி வாடை பிடிக்காத குட்டியைத் தாய் பிறகு சேர்க்காது. பத்தொன்பது ஆடும் பத்தொன்பது குட்டியும் மைதானம் முழுக்கக் கதறின.

"எம்மா, இதுங்களைப் பிரிச்சு விடுங்க!" என்றார் தாளாளர். சேலை முழுக்க ஈரம். "சீக்கிரம்!"

"கேளுங்க," என்றாள் குருவம்மா. குட்டிகளை எடுக்கப் போன இரண்டு கைகளையும் பின்னால் கட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட இல்ல. அன்னிக்கு யாரைக் கேட்டீங்களோ அவளைக் கேளுங்க."

தாளாளர் குருவம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு முட்டியைத் தரையில் ஊன்றி, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி, கையில் இருந்த குட்டியைக் காட்டிக் கேட்டார். "இது... இது எந்த ஆட்டோட குட்டிம்மா?"

"மொட்டைக்காதோடது. அந்தா, தண்ணித் தொட்டிகிட்ட."

மொட்டைக்காது மோந்தது, நக்கியது, காலை அகற்றிப் பால் கொடுத்தது. அடுத்தது சாம்பியினுடையது. அடுத்தது நெற்றிப்பொட்டினுடையது. பதினான்காவதில் கோபிகா திணறினாள், இரண்டு குட்டிகள் அச்சாக ஒன்றுபோல இருந்தன. இரண்டையும் முகத்தோடு வைத்து மோந்து பார்த்தாள். "இது கருங்கண்ணி. அது புள்ளி," என்றாள். சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் பாலில் வாயை வைத்தபோது தாளாளர் தன்னையறியாமல் வாய்விட்டு எண்ணினார். பத்தொன்பது என்று அவர் சொன்னபோது மைதானத்தில் ஒரு குட்டியும் கத்தவில்லை.

ஆபீஸ் அறையில் தாளாளர் சொல்ல, கிளார்க் சேர்க்கைப் படிவத்தை எடுத்தான். பிள்ளை பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். தாயின் பெயரைக் கேட்டான். தாயின் தொழில் என்ற இடத்தில் கேட்காமலே ஏதோ எழுதினான்.

"என்ன எழுதின?"

"ஹவுஸ் ஒய்ஃப்னு போட்டிருக்கேன்க்கா. எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது."

"அப்படின்னா?"

"வீட்டுல இருக்கிறவங்க. வேலைக்குப் போகாதவங்க."

குருவம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், பிறகு கிளார்க்கைப் பார்த்தாள். "அடி அதை," என்றாள்.

"அடிச்சா ஃபாரம் அசிங்கமாயிரும்க்கா."

"ஆகட்டும். அடி."

அவன் தாளாளரைப் பார்த்தான். தாளாளர் தலையசைத்தார். அவன் அடித்துவிட்டு, மேலே சின்னதாக எழுதினான்.

"வாசி."

"ஆடு மேய்ப்பு."

"பெருசா எழுது. இங்கிலீஷ்லயும் எழுது. எழுதிட்டு மறுபடி வாசி. இந்தத் தடவை என் மகளுக்கும் கேக்கணும்."